பெரியப்பா ஏன் லுங்கி கட்டுவதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டம். சென்னைப் புறநகரில் எண்பது வீடுகள் உள்ள குடியிருப்பு. முதல் தீர்மானம்: வடமாநிலத்து பேச்சிலர்களுக்கு இனி யாரும் வீடு வாடகைக்கு விடக்கூடாது. காரணங்களைச் செயலாளர் எழுதியே கொண்டுவந்திருந்தார். ஒரு வீட்டில் எட்டுப் பேர் தங்குகிறார்கள். படிக்கட்டில் பான் எச்சில். ராத்திரியில் போனில் சத்தமாகப் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்றே புரிவதில்லை. எச்சில் விஷயம் சரி, நானே ஒருமுறை மிதித்திருக்கிறேன். ஆனால் ஒருவன் தன் அம்மாவிடம் பேசுவது நமக்கு ஏன் புரிய வேண்டும்?

ஆதரித்து முதலில் கை தூக்கியவர் என் பெரியப்பா. எண்பத்தொரு வயது. இந்தப் பதிவே அவரால்தான்.

கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் முடித்துவிட்டு 1964ல் பம்பாய்க்கு ரயிலேறியவர். மாட்டுங்காவில் ஒரே அறையில் ஆறு பேர், மெஸ் சாப்பாடு. இரண்டே வருடத்தில், 1966 ஜூனில், பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கினார். மராத்திப் பிள்ளைகளின் வேலையை மதராஸிகள் பறிக்கிறார்கள் என்பதுதான் அன்றைய பேச்சு. அவருடைய 'மார்மிக்' வார இதழில் அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் வந்தன. 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' என்று கோஷம்; ஊதலை ஊது, லுங்கியை விரட்டு என்று அர்த்தம். உடுப்பி ஹோட்டல்களுக்குக் கல்லடி. நம் பேச்சுக்கு அவர்கள் வைத்த பெயர் 'யண்டு குண்டு'. அதாவது, என்ன பேசுகிறார்கள் என்றே புரிவதில்லை.

அப்போது விட்டதுதான் பெரியப்பா லுங்கியை. தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் பேண்ட். விடுமுறைக்குக் கும்பகோணம் வந்தால்கூட வீட்டுக்குள் பைஜாமாதான். சின்ன வயதில் நாங்கள் அதை பம்பாய் ஸ்டைல் என்று நினைத்துப் பெருமைப்பட்டோம். ஓய்வு பெற்று இங்கே வந்து வருடக்கணக்காகிறது, இன்னமும் பைஜாமாதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "பெரியப்பா, மாட்டுங்கால நீங்களும் ஆறு பேர் ஒரே ரூம்லதானே இருந்தீங்க?"

"நாங்க டீசண்டா இருந்தோம்டா" என்றார்.

இருந்திருப்பார். ஆனால் கல்லை எடுத்தவன் அறைக்குள் வந்து பார்த்துவிட்டா எறிந்தான்?

இந்த 'நாங்க டீசண்ட்' என்பதைத்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்களை அடித்தார்கள், குடும்பம் குடும்பமாக இங்கே ஓடிவந்தார்கள். இன்றும் அதைப் பற்றிப் பேசினால் நமக்குக் குரல் நடுங்குகிறது, நடுங்க வேண்டியதுதான். 2016 செப்டம்பர் 12 அன்று அங்கே தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்ததை டிவியில் பார்த்துக் கொதித்தோம். அதே நாள் சென்னையில் ஒரு கர்நாடகத்தவர் ஹோட்டல் மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள், ராமேஸ்வரத்தில் ஒரு கன்னட டிரைவரை நிற்க வைத்து அறைந்தார்கள். அந்த அறை வீடியோ எனக்கு வந்தது கல்லூரி நண்பர்கள் குரூப்பில். கீழே கைதட்டும் பொம்மைகள். 'வினைக்கு எதிர்வினை' என்று ஒருவர். அந்த டிரைவர் எந்தப் பேருந்தைக் கொளுத்தினாராம்?

இது தமிழர்களின் நோய் மட்டுமில்லை. 2009ல் ஆஸ்திரேலியாவில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டபோது நாடே இனவெறி என்று கூவியது, கூவியதில் தப்பில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் மும்பையில் ரயில்வே தேர்வு எழுத வந்த வடமாநிலத்துப் பையன்களைத் தேர்வு மையத்திலிருந்து விரட்டி விரட்டி அடித்தார்கள். அதற்கு நாம் வைத்த பெயர் 'மண்ணின் மைந்தர் அரசியல்'. வெள்ளைக்காரன் செய்தால்தான் இனவெறி. 2014 ஜனவரியில் டெல்லிக் கடைத்தெருவில் அருணாச்சலத்து மாணவர் ஒருவரை அவர் தலைமுடியைக் கேலி செய்து அடித்தார்கள், செத்தே போனார். அவர் தன் நாட்டுத் தலைநகரில்தான் இருந்தார்.

சரி, நம்மூருக்கு வருவோம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, வதந்தி என்று தெளிவானது. வதந்தி பரப்பியவர்கள் மீது நம் போலீஸ் வழக்குப் போட்டது சரியான வேலை. நமக்கு ஒரே பெருமிதம், நானும் ஷேர் செய்தேன். ஆனால் வீடியோதான் பொய். 'வடக்கன்' என்று நாம் சொல்லும் தொனி பொய்யில்லையே. அந்த வாரமும் பானிபூரி மீம்கள் நிற்கவில்லை.

கமெண்ட்டில் திட்டுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்குள்ள மத்திய அரசு வேலைகள் நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லை என்ற கோபம் நியாயமானது. 2017ல் வந்த அஞ்சல் துறைத் தேர்வு முடிவில் ஹரியானா தேர்வர்கள் தமிழ்த் தாளில் நம்மூர்ப் பிள்ளைகளை முந்தினார்களே, அதற்கு விசாரணை கேட்டதில் எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தைச் சென்ட்ரிங் பலகை தூக்குகிற ஒடிசாப் பையன் மீது ஏன் இறக்குகிறோம்?

கூலியைக் குறைத்துவிட்டார்கள் என்கிறோம். யார் குறைத்தது? வெளிமாநிலத் தொழிலாளிக்கு உள்ளூர்க்காரருக்குச் சமமான கூலி, போய்வரும் பயணச் செலவு, தங்க இடம் எல்லாம் தர வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். அதை மதித்திருந்தால் அவர்கள் மலிவான ஆட்களாகவே இருந்திருக்க மாட்டார்கள். மலிவாக வைத்திருப்பவர் காண்ட்ராக்டர். அந்த மலிவில் பங்கு வாங்குவது நாம், சதுர அடிக் கணக்கில். மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த பலர் அதில் உண்டு. அங்கே யாரும் அவர்களிடம், உள்ளூர்க்காரன் வேலையைப் பறிக்கிறாயே என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

(இன்னொன்று. 'நார்த் இந்தியன் வேண்டாம்' என்று சத்தமாகச் சொல்கிற இதே வீட்டுக்காரர்கள், தமிழனே வந்தாலும் 'சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு?' என்று மெதுவாகக் கேட்பார்கள். எதற்கு என்று உங்களுக்கும் தெரியும்.)

முதல் தீர்மானம் நிறைவேறியது. நான் எதிர்த்துக் கை தூக்கவில்லை, ஆதரித்தும் தூக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தீர்மானம், கட்டடத்துக்கு வெளிப்பூச்சு. மூன்று கொட்டேஷன்களில் ஒன்று மற்றதைவிட நிறையவே குறைவு. எப்படி இவ்வளவு குறைவு என்று யாரோ கேட்டார்கள். "எல்லாம் நார்த் இந்தியன் பசங்க சார். பேஸ்மெண்ட்ல ஒரு ஓரமா இடம் குடுத்தா போதும், ராத்திரி பகலா முடிச்சுக் குடுத்துடுவாங்க" என்றார் செயலாளர். எத்தனை பேர் தங்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருமனதாக நிறைவேறியது. பெரியப்பா கை தூக்கினார். நானும் தூக்கினேன்.