எம்எல்ஏ இல்லாமல் கிடந்த ஆண்டிப்பட்டி

ஆண்டிப்பட்டி என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், வெளியூர்க்காரர்கள் உடனே "ஓ, எம்ஜிஆர் தொகுதியா, ஜெயலலிதா தொகுதியா" என்பார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தவன்தான். 2018இல் அந்தப் பெருமையெல்லாம் வடிந்துவிட்டது.

1980இல் இங்கே ஜெயித்தவர் லட்சிய நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். 1984இல் எம்ஜிஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தபடியே ஜெயித்தார், பிரச்சாரத்துக்கு ஒரு நாள்கூட வரவில்லை, அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற வீடியோவைத்தான் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஓட்டுப்பதிவு டிசம்பர் 24. சரியாக மூன்று வருஷம் கழித்து அதே தேதியில் இறந்தும் போனார். அதிமுக இரண்டாக உடைந்திருந்த 1989இல் ஜானகி அம்மையார் இரட்டைப் புறா சின்னத்தில் இங்கே நின்று தோற்றார். பக்கத்துத் தொகுதியான போடியில் ஜெயலலிதா சேவல் சின்னத்தில் ஜெயித்தார். எம்ஜிஆர் வீட்டம்மா என்பதற்காக எங்கள் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு குத்திவிடவில்லை, திமுகவின் ஆசையனை அனுப்பினார்கள். இந்தக் கதையை மட்டும் யாரும் சொல்வதே இல்லை.

அப்புறம் 2001. ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனு போட்டார், நான்கும் தள்ளுபடி. இங்கே அவருக்குப் பதிலாக நின்று ஜெயித்த தங்க தமிழ்ச்செல்வன், பிறகு ராஜினாமா செய்து இடத்தைக் கொடுத்தார். டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அந்த மாதிரி. 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா ஜெயித்து, மார்ச்சில் மறுபடி முதலமைச்சரானார். 2006இலும் இங்கேயேதான் நின்றார், 2011இல் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டார். ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும்: க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி வந்தது அவர் எங்கள் எம்எல்ஏவாக இருந்த காலத்தில்தான். முன்பு மதுரைக்கு ஓடிய ஜனத்துக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வைகை அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்ற காலமும் எங்கள் தெருவுக்கு உண்டு. அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு முதலமைச்சர் வீட்டு வாசலில் நிற்க முடியுமா என்ன?

சரி, 2018க்கு வருகிறேன். 2016இல் ஜெயித்த தங்க தமிழ்ச்செல்வன், அதிமுகவில் தனி அணி கட்டிய டி.டி.வி.தினகரன் பக்கம் போனார், 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார், அதில் இவரும் ஒருவர். வழக்கு போனது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள், மூன்றாவது நீதிபதி அக்டோபரில்தான் நீக்கம் செல்லும் என்றார், இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில். கிட்டத்தட்ட 20 மாதம் எங்களுக்கு எம்எல்ஏவே கிடையாது. இதில் கொடுமை என்னவென்றால், உள்ளாட்சி அமைப்புகளின் காலமும் 2016 அக்டோபரிலேயே முடிந்து, தேர்தல் நடத்தாமலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலரும் இல்லை, தலைவரும் இல்லை. எங்கள் தெரு போர்வெல் மோட்டார் அப்போது பார்த்துப் புகைந்து நின்றது. யாரிடம் போய்ச் சொல்ல? திங்கள்கிழமை மனுநாளுக்குத் தேனிக்குப் பஸ் ஏறினோம், மூன்று திங்கள்கிழமை. நான்காவது வாரம் வீட்டுக்கு 300 ரூபாய் வசூல் பண்ணி நாங்களே மோட்டாரைச் சரிபண்ணினோம். கட்சி தாவியவர்களைத் தண்டிக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்டனை அவர்களுக்கா எங்களுக்கா என்பதுதான் என் கேள்வி. தங்க தமிழ்ச்செல்வனோ 2019 ஜூனில் திமுகவுக்குப் போய், 2024இல் தேனிக்கு எம்பியே ஆகிவிட்டார்!

அந்த 2019 இடைத்தேர்தல் வேறு ஒரு கூத்து. திமுகவில் அண்ணன் மகாராஜன், அதிமுகவில் தம்பி லோகிராஜன். அண்ணன் ஜெயித்தார், 2021இலும் அதே அண்ணன் தம்பி போட்டிதான், அதே முடிவுதான். டிவிக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஓட்டுப் போட்டுவிட்டு வரும்போது அம்மாவிடம், "என்னம்மா, யார் வருவா?" என்று கேட்டேன்.

"எவன் வந்தா என்னடா, மோட்டார் கெட்டா போய்க் கதவத் தட்ட ஒரு வீடு இருக்கும்ல."