மரத்து மூட்டில் சிமென்ட் வேண்டாம்

நாகர்கோவில் வேப்பமூட்டில் இருக்கிற சர் சி.பி. ராமசாமி அய்யர் பூங்காவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. குழந்தைகளுக்கு நல்ல ஊஞ்சல் வேண்டும், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும், சாயங்காலம் வெளிச்சம் வேண்டும். எப்படிப் புதுப்பிப்பார்கள் என்பதுதான் என் பயமெல்லாம்.

நம் பக்கம் பூங்கா வேலை என்றாலே முதலில் லாரியில் இன்டர்லாக் கல் வந்து இறங்கும். நடைபாதைக்குப் போடட்டும், சரி. ஆனால் மரத்து மூடு வரைக்கும் ஒட்டிப் பதித்து, சுற்றிலும் சிமென்ட் பூசி, அதற்குத் திண்ணை என்று பேரும் வைத்துவிடுவார்கள். அப்புறம் வேருக்குக் காற்று போகாது, தண்ணீர் இறங்காது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. அந்தத் தண்ணீரெல்லாம் ஓடைக்குப் போய்விடும், மரம் காய்ந்து நிற்கும். கல் பதிக்கத் தோண்டும்போது பக்கவேரை வெட்டினால் மரத்தின் பிடிமானமே போச்சு. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்துவிட்டுப் போனபின் வழியெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். நிற்கிற மரத்தையாவது காப்பாற்ற வேண்டாமா? மூட்டைச் சுற்றி நாலைந்து அடிக்கு வெறும் மண்ணாக விடுங்கள். புது மரம் நடுவதானால் வேம்பு, அயினி, புன்னை, மகிழம் என்று இந்த மண்ணில் நிற்கிற மரமாக நடுங்கள்.

பழைய சுண்ணாம்புக் கட்டுமானம் எங்கே இருந்தாலும் இதே கதைதான். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும், உப்புப் பூத்து, கடைசியில் பூச்சு செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் சேரும். சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லப்படும் பத்மநாபபுரம் அரண்மனைத் தரை இன்றைக்கும் கண்ணாடியாய் மின்னுகிறது. அதை வைத்திருக்கிற மாவட்டத்தில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க முடியாதா?

அடுத்து, பூங்காவின் பெயர். சி.பி. 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூர் திவான். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது அவர் காலத்தில். 1947இல் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று அறிவித்தவரும் அவரே. அந்தப் பெயர் பிடிக்காதவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு நம் மக்கள் உயிரே கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் பெயரை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். வாசலில் ஒரு பலகை வைத்து அவர் செய்த இரண்டையும், தமிழ்நாட்டோடு சேர நேசமணி தலைமையில் நடந்த எல்லைப் போராட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். உதயகிரிக் கோட்டைக்குள் மரங்களுக்கு நடுவே டிலனாயின் கல்லறை இருக்கிறது. டச்சுப் படையோடு குளச்சலில் நம்மோடு போரிட வந்து தோற்று, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் தளபதியானவர். அங்கே போகிற பிள்ளைகள் அவர் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். நகரத்துப் பூங்காவிலும் அப்படி ஒரு கதை கேட்கக் கிடைக்கட்டுமே.

மாநகராட்சியிடம் நான் கேட்பது இதுதான்: டெண்டர் விடும் முன்னால் வரைபடத்தைப் பூங்கா வாசலில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு, எது நிற்கும், எது போகும் என்று அதிலேயே காட்டுங்கள். தினமும் காலையில் அங்கே நடக்க வருகிற பெரியவர்களிடம் ஒரு மாதம் கருத்துக் கேளுங்கள். அதுவரை ஜேசிபி உள்ளே போகக் கூடாது.