மலைப் பிள்ளைகளுக்கு மலையில் இருக்கும் அறிவியலையும் காட்டுங்கள்

மாணவர்களுக்குத் தொழில் திறன் கற்றுத்தரும் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அதே வருஷம் நவம்பரில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துப் படிக்க வானவில் மன்றம் வந்தது. அப்புறம் 71 அரசு ஐடிஐக்களைத் தொழில்நுட்ப மையங்களாக மாற்ற 2,877 கோடி ரூபாய். நல்ல காரியங்கள்தான். ரோபோவும், கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷினும் நீலகிரிப் பிள்ளைகளின் கைக்கும் வரட்டும். ஆனால் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போட்ட திட்டத்தை அப்படியே மலையேற்றினால், படித்து முடித்த பிள்ளை மேட்டுப்பாளையம் பஸ்ஸைத்தான் பிடிக்கும்.

இங்கே என்ன இல்லை? ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை. விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டவர்களே கட்டி 1970-ல் இயங்க ஆரம்பித்த, விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஊட்டி இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில். வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டியதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அந்த ஒரு அச்சில் திருப்பிக்கொண்டே போனால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். அட்சரேகை, கோணம், பூமியின் சுழற்சி என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற பாடமெல்லாம் அந்தச் சரிவில் கண்ணெதிரே கிடக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் துகள்களை ஆராயும் காஸ்மிக் கதிர் ஆய்வகமும் ஊட்டியிலேயே இருக்கிறது. அதுதான் 2014 டிசம்பரில் நம் தலைக்கு மேலே போன ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததைக் கணக்கிட்டுச் சொன்னது. துகள் பட்டால் ஒளிர்கிற பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்களையும் அந்த ஆய்வகத்திலேயே தயாரித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்த மலைப் பிள்ளைக்கு ஆறு மாதப் பயிற்சி கிடைத்தால் எவ்வளவு பெரிய விஷயம்!

தேயிலை ஃபேக்டரிக்கு வாருங்கள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளாக்கும் சிடிசி ரோலரின் பல் மழுங்கினால் இலை சரியாக வெட்டுப்படாது, வெறுமனே நசுங்கும். தூளின் தரம் இறங்கும், குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும், கடைசியில் அடி விழுவது பச்சை இலை கொடுக்கும் சிறு விவசாயிக்கு. அந்த ரோலரைச் சாணை பிடிக்கவும், டிரையரின் சூட்டைச் சரியாக வைக்கவும் தெரிந்த ஆளுக்கு எப்போதும் தேவை உண்டு. என் அண்ணன் மகன் ஐடிஐ ஃபிட்டர். படித்த காலத்தில் ஒரு நாள்கூட அவனை எந்த ஃபேக்டரிக்கும் கூட்டிப் போகவில்லை. இன்று திருப்பூரில் வேலை பார்க்கிறான்.

அதனால் நான் கேட்பது இதுதான். குன்னூர், கூடலூர் ஐடிஐக்களில் தேயிலை இயந்திரப் பராமரிப்பைப் பாடமாகவே வையுங்கள், கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரிகளில் உதவித்தொகையோடு பயிற்சி கொடுங்கள். முத்தோரைக்கும் காஸ்மிக் கதிர் ஆய்வகத்துக்கும் வருஷம் ஒரு முறையாவது எல்லா அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பந்தலூர் தூரம்தான், தெரியும். அந்தப் பிள்ளைகளுக்குப் பஸ் செலவை அரசே கொடுக்கட்டும்.