நாலாவது மாதத்துக்கும் ஆள் வேண்டும்

எங்கள் பள்ளித் தோழன் ஒருவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சேதி வந்த அன்றே வாட்ஸப் குழுவில் பணம் குவிய ஆரம்பித்துவிட்டது. மஸ்கட்டில் இருப்பவன், சிங்கப்பூரில் இருப்பவன், பேச்சுவார்த்தையே விட்டுப்போனவன் என்று எல்லோரும் அனுப்பினார்கள். ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்து, அவன் படுத்திருக்கும் சென்னை ஆஸ்பத்திரிக்கு மறுநாளே ரத்தம் கொடுக்கக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். அந்த மனசைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இது ஒரு வாரத்தில் முடிகிற நோய் இல்லை. முதல் வாரம் திரளும் கூட்டத்தை மாதக்கணக்கில் பிரித்து வைக்க யாராவது ஒருவர் பொறுப்பெடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவன் பெயரும் படமும் இந்தப் பதிவில் இருக்காது. அவனிடம் கேட்டோம், வேண்டாம் என்றான். முடி கொட்டிப்போய்ப் படுத்திருப்பவனைப் படம் பிடித்துப் போட்டால்தான் உதவி வரும் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்குக் குணமாகி வந்து இதே ஊரில் அவன் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

ரத்த விஷயத்துக்கு வருகிறேன். கீமோ என்கிற புற்றுநோய் மருந்து கொடுத்தால் கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களும் சேர்ந்து அழியும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் கவுண்ட் மடமடவென்று இறங்கும். ஈறில் ரத்தம் கசியும், லேசாக இடித்த இடமெல்லாம் கன்றிப்போகும். அப்போது பிளேட்லெட் ஏற்றியாக வேண்டும். ஆனால் எடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், பிளட் பேங்கில் ஒரு தட்டின் மேல் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். வேன் நிறைய ஆள் ஒரே நாளில் போய்க் கொடுத்தால், அடுத்த வாரம் கவுண்ட் இறங்கும்போது அவனுக்கென்று ஒரு பை மிஞ்சாது. முழு ரத்தம் கொடுத்துவிட்டாலோ ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி ரத்தம் கொடுக்க முடியும்.

பிளேட்லெட் மட்டும் கொடுப்பது வேறு மாதிரி. கையில் ஊசி ஏற்றி இயந்திரத்தோடு இணைப்பார்கள். ரத்தம் அதற்குள் போய், பிளேட்லெட் பிரிந்ததும் மிச்சம் நம் உடம்புக்கே திரும்பி வரும். ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம். நடுவில் உதடு விறுவிறுவென்று இருக்கும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்தால் வருவது அது. சொன்னால் கால்சியம் மாத்திரை தருவார்கள். பையில் சேர்வது சிவப்பாக இருக்காது, வெளிர்மஞ்சளாக இருக்கும். லாரி ஓட்டும் எங்கள் தோழன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, இந்தத் துளியூண்டு இல்லாமயா அவன் இப்படிக் கெடக்குறான்" என்று கேட்டு அழுதேவிட்டான்.

எங்கள் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்று வருடக்கணக்கில் நோட்டு வைத்திருக்கிற ஊர். அதே மாதிரி ஒரு நீள நோட்டு போட்டோம். பெயர், ரத்த வகை, எடை, இருக்கும் இடம், கடைசியாகக் கொடுத்த தேதி, எந்தக் கிழமை வர முடியும், எல்லாம் அதில் இருக்கிறது. சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்கு முதல் முறை, ஊரில் இருப்பவர்கள் அடுத்து. ஆஸ்பத்திரியோடு பேசுவது ஒரே ஒரு ஆள். ரத்தம் கேட்டுப் போடும் சேதியில் தேதியும் நேரமும் கட்டாயம். கிடைத்ததும் "கிடைத்துவிட்டது" என்று அதே இடங்களில் போட்டுவிடுகிறோம். தேதி இல்லாத சேதி ஊர் ஊராகச் சுற்றி, எல்லாம் முடிந்த பிறகும் அந்த வீட்டுக்கு போன் வந்துகொண்டே இருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வசூலில் இறங்கும் முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, கலெக்டர் ஆபீஸ் என்று அலைகிற வேலையை நண்பர்கள் எடுத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் படிவம் வாங்க வேண்டும். அட்டையில் அடங்காத செலவுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது. ஆஸ்பத்திரி பக்கத்தில் அறை, சாப்பாடு, ஆட்டோ, அப்புறம் பூட்டிக் கிடக்கும் அவனுடைய வெல்டிங் பட்டறையின் வாடகை. அதனால் மொத்தமாக 5,000 கொடுக்க வந்தவர்களிடம், மாதம் 500 வீதம் பத்து மாதம் கொடுங்கள் என்று கேட்டோம். கணக்கு மாதா மாதம் குழுவில் வருகிறது.

பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயை எதிர்க்கும் வெள்ளையணு குறைந்திருக்கும்போது நமக்குச் சாதாரணச் சளி, அவனுக்கு உயிர் ஆபத்து. சமைக்காத எதையும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிற நேரத்தில் பப்பாளி இலைச் சாற்றைப் பாட்டிலில் கொண்டுவருகிறார்கள். கீமோவை நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பார் என்று கட்டில் பக்கத்திலேயே நின்று சொல்கிறார்கள். அன்பில் சொல்வதாகவே இருக்கட்டும், தயவுசெய்து சொல்லாதீர்கள்.

உண்மையில் ஆள் தேவைப்படுவது அவன் மனைவிக்கு. அட்டெண்டர் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கிறது அந்தத் தங்கச்சி. பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம். இரண்டு இரவு யாராவது மாற்றிவிட்டால் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரும். பழக்கூடையைவிட அந்த இரண்டு இரவு பெரிது.

கீமோவின் முதல் கட்டம் முடிந்து எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை நல்லபடியாக வந்திருக்கிறது. குழுவில் எல்லோரும் பெருமூச்சு விட்டாயிற்று, பேச்சும் குறைந்துவிட்டது. ஆனால் அவனுக்கு வந்திருக்கும் வகைக்குச் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் போகும். அடுத்த சுற்று கீமோ வரும் வாரம். அதற்கடுத்த இரண்டு வாரங்களுக்கு நோட்டில் செவ்வாயும் புதனும் காலியாக இருக்கின்றன. சென்னையில் இருக்கும் ஏ பாசிட்டிவ்காரர்கள், 50 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள், கடந்த மூன்று நாளில் ஆஸ்பிரின் எடுக்காதவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். சனி, ஞாயிறு இரவுகளில் ஆஸ்பத்திரியில் தங்க முடிந்தவர்களும் சொல்லுங்கள். தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடலாம்.