மெல்ஃபி சிகிச்சையை நிறுத்தியது அச்சத்தால் அன்று

'தி சொப்ரானோஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மனநல மருத்துவர் மெல்ஃபி, தன்னிடம் சிகிச்சை பெற்ற மாஃபியா தலைவன் டோனிக்கு அஞ்சியே சிகிச்சையை நிறுத்தினார் என்று சொல்லப்படுவது தவறு. 2007இல் ஒளிபரப்பான, இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தில், இத்தகைய குற்றவாளிகள் பேச்சுவழிச் சிகிச்சையையே தங்கள் ஏமாற்றுத் திறனைக் கூர்மையாக்கப் பயன்படுத்துகிறார்கள் என்னும் ஆய்வைப் படித்த பின்னரே அவர் டோனியை விலக்குகிறார். டோனிக்குச் சிகிச்சையளிப்பதைச் சக மருத்துவர்கள் விருந்தில் இடித்துரைத்ததும் அவரை உறுத்தியிருந்தது. அச்சம் அவருக்கு முன்பே இருந்தது, ஆயினும் இரண்டாம் பருவத்தில் அவரே டோனியை மீண்டும் ஏற்றுக்கொண்டார். மூன்றாம் பருவத்தில், தன்னை வல்லுறவுக்கு உள்ளாக்கியவனைப் பற்றி ஒரு சொல் சொன்னால் டோனி பழிதீர்த்துவிடுவான் என்று அறிந்தும், அழுகையினூடே அதை மறைத்துக்கொண்ட அவருடைய மனவுறுதியை வெறும் பயமாகச் சுருக்குவது அந்தப் பாத்திரத்துக்கு இழைக்கும் அநீதி. தன் வீட்டு நீச்சல்குளத்து வாத்துகள் பறந்துபோனதை எண்ணி அழுத டோனியிடம் அவர் காட்டிய பரிவும் மெய்யானதே.