போர்க்காலப் பந்தெறிவாளர் என்ற முத்திரை பொருந்துமா?

அமெரிக்கப் பேஸ்பால் பந்தெறிவாளர் ஹால் நியூஹவுசரைப் ‘போர்க்காலப் பந்தெறிவாளர்’ என்று முத்திரை குத்தும் ஒரு கட்டுரையைப் படித்தேன். அவரது 1944, 1945ஆம் ஆண்டு வெற்றிகளை, தேர்ந்த மட்டையாளர்கள் இரண்டாம் உலகப் போர்முனைக்குச் சென்றிருந்ததால் எளிதில் கிடைத்தவை என்று அக்கட்டுரை ஒதுக்குவதை ஏற்க இயலவில்லை. இதயக் கோளாறு காரணமாக ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளப்படாத அவர், டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காக அவ்விரு ஆண்டுகளில் முறையே 29, 25 ஆட்டங்களை வென்று, அமெரிக்கன் லீகின் (மேஜர் லீக் எனும் உயர்மட்டப் பேஸ்பாலின் இரு பிரிவுகளுள் ஒன்று) மிகச் சிறந்த வீரர் விருதை அடுத்தடுத்து இருமுறை பெற்றார்; மேஜர் லீகில் பந்தெறிவாளராக மட்டுமே ஆடிய வேறெவரும் இதைச் செய்ததில்லை. டெட் வில்லியம்ஸ், ஜோ டிமாஜியோ போன்ற தலைசிறந்த மட்டையாளர்கள் போர் முடிந்து களம் திரும்பிய 1946இலும் அவர் 26 ஆட்டங்களை வென்றார் என்பதையும், சக வீரர்களின் தடுப்புப் பிழைகளால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் (ஒரு முழு ஆட்டத்துக்கு) சராசரியாக 1.94 ஓட்டங்களே கொடுத்தார் என்பதையும் கட்டுரையாளர் ஏன் குறிப்பிடவில்லை? 1948இலும் அவருக்கு 21 வெற்றிகள் உண்டு.

பின்னர் தோள்பட்டை வலி அவரை முடக்கியது. 1955இல் ஆட்டத்திலிருந்து விலகியவருக்குப் தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் இடம் கிடைக்க 1992 வரை ஆயிற்று. அந்தத் தாமதத்துக்கு இதே முத்திரைதான் பெரிதும் காரணம் என்பது என் கருத்து.

பிற்காலத்தில் வங்கி அதிகாரியாக இருந்த அவர், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக இளம் திறமைகளைத் தேடிக் கண்டறியும் பணியையும் ஏற்றார். அதே 1992இல், அணிகள் வரிசை முறையில் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பின்னாளில் பெரும் நட்சத்திரமான டெரெக் ஜீட்டர் என்ற பள்ளி மாணவரை முதல் தேர்வாக எடுக்குமாறு அவர் வற்புறுத்தியும், அணி நிர்வாகம் ஃபில் நெவின் என்ற வீரரைத் தேர்ந்தெடுத்தது. நியூஹவுசர் வேலையையே துறந்தார். ஜீட்டரை நியூயார்க் யாங்கீஸ் ஆறாவது தேர்வாக எடுத்துக்கொண்டது.