அந்த மண்டபத்துக்கு வராதவன்

நம் பள்ளிப் பழைய மாணவர் சந்திப்பின் வீடியோ மூன்று நாட்களாக என் போனுக்கு வந்துகொண்டே இருக்கிறது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் வரிசையில் நின்று கையை நீட்டுகிறார்கள். வாத்தியார் ஐயாவின் கையில் பட்டுத்துணி சுற்றிய பிரம்பு. ஒவ்வொரு தட்டுக்கும் கைதட்டல். அதன் கீழே, "இந்தப் பிரம்புதான் நம்மை ஆளாக்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னையும் அந்த வரிசைக்கு அழைத்தீர்கள், நான் போகவில்லை. "உனக்கு மட்டும் என்னப்பா கோபம்?" என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

நாம் அடி வாங்கியும் ஆளானோம், அவ்வளவுதான். அடி வாங்கி ஆளாகாமல் போனவர்கள் மண்டபத்துக்கு வரவில்லை.

1987, எட்டாம் வகுப்பு. சோழவந்தான் பக்கத்தில் பல பையன்களுக்கு வெற்றிலைக் கொடிக்காலில்தான் பொழுது விடியும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் இருட்டோடு எழுந்து, அப்பாவுடன் வெற்றிலை கிள்ளி, கவுளி என்கிற கட்டுகளாக அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓடி வருவான். பிரேயர் முடிந்திருக்கும். தாமதத்துக்கு இரண்டு அடி, வீட்டுப்பாடத்துக்கு நான்கு. ஏன் தாமதம் என்று ஒரு நாள்கூட யாரும் கேட்டதில்லை. குச்சி முறிந்தால் பின்புறத்துப் புளியமரத்தில் விளார் ஒடித்து வருவது கிளாஸ் லீடரான என் வேலை. இலையை உருவி, கணுவைச் சீவி, வளைத்துப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஒரு நாள் ஐயா அவனைப் புறங்கையைத் திருப்பச் சொல்லி அடித்தார். மதியம் சத்துணவு வரிசையில் அவனுக்கு விரல் மடங்கவில்லை. அலுமினியத் தட்டை நெஞ்சோடு சேர்த்து, முழங்கையால் இறுக்கிக்கொண்டு சோறு வாங்கினான். சாம்பார் சட்டையில் வழிந்தது. நான் தட்டைப் பிடிக்கப் போனேன். என் முகத்தைப் பார்க்காமல் விலகிப் போனான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

வறுமையால் நின்றிருப்பான், பிரம்பின் மேல் பழி போடாதே என்கிறார் ஒரு நண்பர். வறுமை ஆறாம் வகுப்பிலும் இருந்தது, ஏழாம் வகுப்பிலும் இருந்தது. அப்போதெல்லாம் ஓடி வந்தவன்தானே அவன்?

கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் என்று பெற்றோரே சொன்னார்களாம். என் அம்மாவும்தான் சொன்னார். பள்ளிக்கூடம் பார்க்காத தாய், பிள்ளையாவது படிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் சொன்ன சொல் அது. படித்தவர் அதைக் கேட்டுத் தோலை உரிக்க வேண்டுமா?

இன்று மாணவர்கள் ஆசிரியரையே அடிக்கிறார்கள் என்கிறீர்கள். அதுவும் தவறுதான், யார் மறுத்தது? அதற்கு மருந்து பிரம்பு என்றால் எனக்குப் புரியவில்லை. 2003இலேயே தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி அடியை விலக்கிவிட்டார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளையின் மனதை வதைப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. நாமோ அதே பிரம்புக்குப் பட்டுச் சுற்றுகிறோம். வரவேற்புக்கு நின்ற சீருடைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததை யாராவது கவனித்தீர்களா?

ஐயாவை நோகடிக்காதே என்கிறீர்கள். நானும் அவர் காலைத் தொட்டு வணங்கியவன்தான். அவர் கற்றுத் தந்த தமிழில்தான் இதை எழுதுகிறேன். அந்த நன்றியைப் பிரம்புக்குக் கொடுக்க என்னால் முடியாது. பிரம்பையே தொடாத கணக்கு வாத்தியார் ஒருவரும் நமக்கு இருந்தார். பாதியில் நின்ற அந்த நண்பன் ஏழாம் வகுப்பில் கணக்கில் அறுபது வாங்கியது அவரிடம்தான். மறு வருடம் மாற்றலாகிப் போய்விட்டார். மேடையில் ஏறிய ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

அழைப்பிதழை என் நண்பனிடம் நானே கொண்டுபோனேன். சந்தையில் வெற்றிலைக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஈரக்கையைத் துண்டில் துடைத்துவிட்டு, "1990 பத்தாம் வகுப்பு மாணவர்கள்" என்ற வரியை எழுத்துக் கூட்டிப் படித்தான். "நான் பத்தாவது படிக்கவில்லையேடா, எப்படி வருவது?" என்று திருப்பிக் கொடுத்தான்.

விளார் ஒடித்துக் கொடுத்தவன் யார் என்று அவனுக்கு அன்றே தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை. ஒரு கவுளி வெற்றிலையை வாழைச் சருகில் கட்டிக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான்.